மானிட்டர் என்னவென்று முதலில் கேட்ட கடை

நான் காட்பாடியில் வயரிங் வேலை செய்கிறவன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் இருந்த உறவு அதற்கு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுப்பதோடு சரி. பன்னிரண்டாவது முடித்த அக்கா மகன் கேமிங் பிசி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி நாமளே மாட்டிக்கலாம் மாமா, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்றான். அறுபதாயிரத்தைத் தாண்டக் கூடாது என்பது அக்கா போட்ட கண்டிஷன்.

ஆன்லைனில் ஆஃபர் போட்டார்கள் என்று பார்ட்ஸெல்லாம் மாட்டுகிற பலகையான ஒரு பி450 மதர்போர்டும், கம்ப்யூட்டரின் மூளையான ரைசன் 5 5600 பிராசசரும் முதலில் வாங்கிவிட்டோம். இரண்டுமே ஏஎம்4 சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம் ஒரே வகை. பொருந்தத்தானே வேண்டும்? பொருந்தியது. பையனின் சிநேகிதனிடம் இருந்து ஒரு ரேமும், வேலூரில் ஒரு கடையில் எஸ்எம்பிஎஸ் (கரன்ட் சப்ளை டப்பா) இலவசம் என்று கொடுத்த கேபினெட்டும் சேர்ந்தன. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. பிராசசர் சரியாக உட்காரவில்லையோ என்று கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தேன். சூடு கடத்தத் தடவும் பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் மொத்தம் 1331 பின். ஓரத்தில் இரண்டு சாய்ந்திருந்தன. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த நிலைமையில்தான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் இருக்கும் இந்தக் கடைக்குப் போனோம். கடைக்காரரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிராசசரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லீட் பென்சில் ஒன்றை எடுத்து லீடைக் கழற்றிவிட்டு, அந்த வெறும் முனைக்குள் சாய்ந்த பின்னை நுழைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். "நேரா இழுக்கக் கூடாதுண்ணா. கொஞ்ச நேரம் ஓட விட்டு, சூடானப்புறம் லேசா திருகி எடுக்கணும்" என்றார்.

அப்புறம் கேட்டார்: "கிராபிக்ஸ் கார்டு எங்கே?" போர்டில்தான் மானிட்டர் வயர் மாட்டும் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்றான் பையன். போர்டில் ஓட்டை இருந்தால் போதாதாம், படத்தை உருவாக்க ஒன்று வேண்டுமாம். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜி என்று ஜி போட்டதில்தான் உண்டு. அவருடைய கார்டை மாட்டிப் பார்த்தார். அப்போதும் படம் வரவில்லை. போர்டு இந்தப் பிராசசருக்கு முன்னால் வந்த மாடல், அதை எழுப்பும் புரோகிராமான பயாஸ் பழசு, அதற்கு 5600 யாரென்றே தெரியவில்லை. தன்னிடம் இருந்த பழைய ரைசன் 3-ஐ மாட்டி, பென்டிரைவில் இருந்து புது பயாஸை ஏற்றினார். பத்து நிமிஷம், 300 ரூபாய். எங்கள் பிராசசரைத் திரும்ப மாட்டியதும் படம் வந்தது.

மீதி சாமானை அங்கேயே வாங்க முடிவு செய்தோம். பையன் லிஸ்டை நீட்டினான். அதைப் பார்க்காமலே பாய், "வீட்ல என்ன மானிட்டர்?" என்றார். 24 இன்ச், 1080பி, 75 ஹெர்ட்ஸ். அந்தத் திரைக்கு ஆர்எக்ஸ் 6600 கார்டு தாராளம், பெரிய கார்டு வாங்கினால் மானிட்டரையும் மாற்ற வேண்டி வரும் என்றார். லிஸ்டில் இருந்த டிடிஆர்5 ரேமை அடித்தார். இந்தப் போர்டில் அது நுழையவே நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இதில் நுழையும் டிடிஆர்4 வகையில், 3200 வேகத்தில் 8 ஜிபி இரண்டு எடுத்துக்கொண்டோம். விற்கிறவர் லிஸ்டைக் குறைப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எஸ்எம்பிஎஸ் பேச்சு வந்ததும் என் வேலை வந்துவிட்டது. இலவசமாக வந்த டப்பாவில் 450 வாட் என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டு லேபிளில், கார்டும் பிராசசரும் இழுக்கும் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கார்டு மட்டும் 132 வாட் இழுக்கும், பிராசசர் முழு லோடில் 76. இரண்டிலேயே 208 ஆகிவிட்டது, ஃபேன், டிஸ்க் கணக்கில் வரவே இல்லை. கரன்டைக் குறைவாக வீணாக்கும் என்பதற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ள 550 வாட் ஒன்றை வாங்கினோம், அதன் லேபிளில் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். வயர்மேனாக இருந்தும் ஒன்றைக் கோட்டை விட்டேன். 8 பின் எல்லாம் ஒன்றுதானே என்று பிராசசருக்கான வயரைக் கார்டில் வைத்து அழுத்தப் போனேன். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றில் 12 வோல்ட் வரும் வரிசையில் மற்றதில் கிரவுண்டாம்.

கார்டு நீளத்தை என் டேப்பால் அளந்தோம். கேபினெட் அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்ப வேண்டாம், முன் ஃபேன் 25 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மாடி அறை, இரண்டே நாற்காலி. கார்டு ஆன்லைனை விட 700 ரூபாய் அதிகம். சீல் பிரித்தால் திரும்ப வாங்க மாட்டார். பில்லில் சீரியல் நம்பரை நாமாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டிக்கு அலைய வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், மூடியிருக்கும்.

வீட்டுக்கு வந்து வாலரன்ட் கேம் போட்டால், விண்டோஸ் 11-இல் செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் (பயாஸில் ஆன் செய்யும் பாதுகாப்பு வசதிகள்) வேண்டும் என்று நின்றுவிட்டது. ராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தும் பாய் எடுத்தார், பயாஸில் எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று பையன் போனிலேயே கத்தினான். அது நம் டிபார்ட்மென்ட். ஊரெல்லாம் எர்த் போடுகிறேன், அக்கா வீட்டு எர்த் குழி காய்ந்து பிளந்து கிடக்கிறது. மறுநாள் உப்பும் கரியும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினேன், சுருக் நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் பாய், "நம்ம கடையிலயும் அப்படித்தாண்ணா, ஒரு நாள் வந்து பாருங்க" என்றார். வருகிற திங்கள்கிழமை போகிறேன், 300 ரூபாயை அதில் கழித்துக்கொள்ளலாம்.