மூடி திறந்து ஆறு மாதம் ஆன பிறகு சிங்கிள் மால்ட்

கடலூர் முதுநகரில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மாப்ள, ஸ்காட்லாந்து, ஜப்பான், தைவான், நம்ம ஊருன்னு எல்லா சிங்கிள் மால்ட் விஸ்கியையும் குடிச்சுப் பாத்துட்ட. ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எது?" அவன் பாட்டிலைக் கடலூருக்கு எடுத்துப்போக முடியாது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி சரக்கோடு மாட்டினால் கேஸ்தான். ஆகவே அவன் எதை வாங்கினாலும் அது லாஸ்பேட்டையில் என் வீட்டு அலமாரியில்தான், மூடி திறந்த நிலையில், மாதக்கணக்கில் இருக்கப்போகிறது. அவன் கேள்விக்கு நான் பதில் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சிய விஸ்கி. திறந்த அன்றைக்கு எல்லா மால்ட்டும் நன்றாகத்தான் இருக்கும். விமர்சனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த முதல் கிளாஸோடு எழுதிவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் ஒரு பெக் என்று குடிக்கிற ஆளுக்கு அது போதாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற வீடு, மேற்கு வெயில் விழும் சுவர், நடுவில் கத்திரி. பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியதும் மிச்ச இடமெல்லாம் காற்று. முதலில் மேலே நிற்கிற பழ வாசனை போகும், அப்புறம் இனிப்பு தட்டையாகும். 40% ஆல்கஹால் உள்ள மால்ட்டுகளில் இது சீக்கிரமே தெரிந்தது. 46 சதவீதத்துக்கு மேல் இருப்பவை நின்று பிடித்தன. பழைய பாட்டிலுக்குப் பக்கத்தில் அதே சரக்கைப் புதிதாகத் திறந்து வைத்துக் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இதைவிட எனக்கு ஆறாத கோபம் தக்கை மேல். ஒயின் பாட்டில் போல இதைப் படுக்க வைக்கக் கூடாது. இவ்வளவு காட்டமான சாராயம் பட்டுக்கொண்டே இருந்தால் தக்கை அரித்துப்போகும். நிறுத்தி வைத்தாலோ தக்கை காய்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு ஸ்காட்ச், கம்பெனி பெயர் வேண்டாம், போன மாதம் மூடியைத் திருகினேன். மரத் தொப்பி மட்டும் கையோடு வந்தது. தக்கை கழுத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. ஸ்குரூ ஒன்றை இறக்கி இழுத்தேன். பாதி வந்தது, மீதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்து மிதந்தது. துவைத்த வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாட்டிலில் ஊற்றினேன். துணியில் தங்கிய பழுப்புப் பொடியை விரலால் நசுக்கினால் மாவாக உதிர்கிறது. டாஸ்மாக்கில் விற்கிற குவார்ட்டருக்கு ஒழுங்கான திருகு மூடி இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் பாட்டிலுக்கு இல்லை.

நியாயமாகப் பார்த்தால் தக்கை மரப்பட்டைதான், அவர்கள் ஊர்க் குளிரில் நீடித்து உழைக்கும். ஆனால் 2022இல் பாட்டில் எண்ணிக்கையில் பிரான்ஸைத் தாண்டி ஸ்காட்ச்சை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. பெரும்பகுதி பல ஆலைச் சரக்கைக் கலந்த பிளெண்ட்தான் என்றாலும், இவ்வளவு வாங்குகிறவர்களின் வெயிலையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்து மூடி போடலாம் இல்லையா?

சரி, நாடுகளுக்கு வருகிறேன். வெயிலைத் தாங்குவதில் வெயில் ஊர்ச் சரக்கை அடிக்க ஆள் இல்லை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2% அளவில் ஆவியாகிறது. பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல். அந்தச் சூட்டில் சாராயம் மரத்துக்குள் வேகமாக ஏறி இறங்குகிறது. அதனால்தான் நாலைந்து வருஷத்திலேயே பெங்களூர்ச் சரக்கான அம்ருத் பக்குவமாகிவிடுகிறது. பன்னிரண்டு வருஷம், பதினெட்டு வருஷம் என்று வயதைப் பார்த்து விலை போடுகிற பழக்கத்தை நம் ஊர் மால்ட்டுக்கும் பொருத்துவது சுத்தத் தவறு. அம்ருத் ஃப்யூஷன் 50%. நம் பார்லியும், பீட் எனும் சதுப்புநில மண்ணை எரித்துப் புகை ஏற்றிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்தது. என் அலமாரியில் முழுக் கோடையையும் கடந்த பிறகும் கிளாஸில் ஊற்றிப் பத்து நிமிஷம் விட்டால் பண்ருட்டிப் பலாவை அறுத்த மாதிரி வாசனை வருகிறது. திறந்த புதிதில் இருந்த காரம் அடங்கி, இன்னும் நன்றாகவே ஆகியிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. அம்ருத் கம்பெனியின் சிங்கிள் மால்ட் 2004இல் முதலில் விற்பனைக்குப் போனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. நம் ஊர்க் கடைக்கு வர வருஷக்கணக்கானது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ் 46%, புகை கிடையாது, தேன் பக்கம் சாயும். முதல்முறை மால்ட் குடிக்கிறவருக்கு அதைத்தான் ஊற்றுவேன்.

தைவானின் கவலானும் இதே வெயில் ஜாதி. அதில் சோலிஸ்ட் வரிசையை மட்டும் வாங்குங்கள். பீப்பாயில் இருந்த காட்டத்தோடு வருவதால் அசைந்து கொடுக்கவில்லை. விலைதான் கையைக் கடிக்கும். ஜப்பானைப் பற்றி நீட்டப்போவதில்லை. யமசாகியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இன்றைய விலைக்கு அதைத் திறக்கவே மனசு வராது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கைக் கலந்து ஜப்பான் பெயரில் விற்றது கொஞ்ச காலம் நடந்தது. 2021இல்தான் அங்கே உற்பத்தியாளர் சங்கம் விதி வகுத்தது: காய்ச்சுவதும் குறைந்தது மூன்று வருஷம் பீப்பாயில் வைப்பதும் ஜப்பானிலேயே நடக்க வேண்டும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்காட்லாந்தில் ஐலா தீவுச் சரக்கு, ஆர்ட்பெக் மாதிரி, புகையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பாட்டிலின் கடைசி பெக்கிலும் புகை இருந்தது. ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 வேறு ரகம். 45.8%, புகை அளவோடு, உப்பு, முடிவில் மிளகுக் காரம். பாரிஸிலிருந்து சித்தப்பா வரும்போது ஒன்று கொண்டுவருவார். முதுநகர்த் துறைமுகத்தில் அன்றைக்கு வந்த வஞ்சிரத்தை மிளகு அரைத்துத் தடவி வறுத்து, இதில் ஐஸ் போடாமல் ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டுக் குடித்துப் பாருங்கள். மீன் கொண்டுவருவது அந்த நண்பன்தான்.

எதை வாங்கினாலும் பாதிக்குக் கீழே இறங்கியதும் திருகு மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு, கழுத்து வரை நிரம்பும்படி மாற்றிவிடுங்கள். அலமாரியில் வெயில் படாத கீழ்த் தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம்.

இவ்வளவு எழுதிய பிறகு நண்பனுக்கு அம்ருத் ஃப்யூஷன் என்றுதான் சொல்ல வேண்டும். விலை, வெயில், நீடிப்பு எல்லாம் அதன் பக்கம். ஆனால் அவன் வாங்கப்போவது ஒன்றே ஒன்று, குடிக்கப்போவது என் மாடியில், மீன் வறுவலோடு. டாலிஸ்கரே வாங்கச் சொல்லிவிட்டேன். தக்கை உடைந்தால் வடிகட்ட வேட்டித் துணி இருக்கிறது.