பெயரின் வேரைத் தேட ஒரு தளம்: ‘பிஹைண்ட் த நேம்’ மதிப்புரை

ஒரு பெயருக்கு என்ன பொருள் என்று இணையத்தில் தேடினால் பதில் கிடைக்காமல் போவதே இல்லை. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. மூலம் தெரியாத பெயருக்கும் ‘அழகானவள்’, ‘வெற்றி கொள்பவன்’ என்று எதையாவது ஒட்டிவிடுகிற பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. ஒன்று எழுதியதை அடுத்தது நகலெடுக்க, பத்து இடத்தில் பார்த்துவிட்டோம் என்ற தெம்பில் தவறான பொருளையே நம்பிவிடுகிறோம். ஆகவே ஒரு பெயர்த் தளத்தைச் சோதிக்க, மூலம் சந்தேகத்துக்கு உரிய பெயர்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆர்தர், மேரி, ஜெசிக்கா ஆகிய மூன்று போதும்.

மைக் கேம்பெல் என்பவர் 1996-இல் தொடங்கிய ‘பிஹைண்ட் த நேம்’ இந்த மூன்றிலும் தேறுகிறது. ஆர்தருக்குப் பொருள் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டு, ‘கரடி’ என்ற கெல்டியச் சொல், ஆர்டோரியஸ் என்ற ரோமானியக் குடும்பப்பெயர் என இரண்டு கருத்துகளையும் முன்வைக்கிறது. மேரியின் எபிரேய வடிவமான மிர்யாமுக்குக் ‘கசப்பு’, ‘கலகம்’ என்றெல்லாம் சொல்லப்படும் விளக்கங்களைக் குறிப்பிட்டு, ‘அன்புக்குரியவள்’ என்ற பொருளுள்ள எகிப்தியச் சொல்லே மூலமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறது. ஜெசிக்கா 1590-களில் ஷேக்ஸ்பியர் தன் நாடகப் பாத்திரம் ஒன்றுக்கு வைத்த பெயர். ஆதியாகமத்தில் வரும் இஸ்காள் என்ற பெயரிலிருந்து அவர் அதை உருவாக்கியிருக்கலாம். ‘செல்வச்சீமாட்டி’ என்று இதற்கு விளக்கம் தரும் தளத்தை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதும் இந்தத் துணிவுதான் இந்தத் தளத்தின் முதல் பலம். கட்டணம் இல்லை, விளம்பரங்கள் உண்டு.

ஒரு பெயரைத் திறந்தால் பாலினம், எந்தெந்த மொழியாரிடம் வழங்குகிறது, மூல எழுத்து வடிவம், ஒலிப்பு, அதன்பின் பொருளும் வரலாறும் என்ற வரிசையில் தகவல் வருகிறது. பலர் நேராகப் பொருளுக்குத் தாவிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, எந்தெந்த மொழியாரிடம் வழங்குகிறது என்று சொல்லும் ‘வழக்கு’ வரியை. பெயர் வழங்கும் மொழியும் பெயர் பிறந்த மொழியும் வேறு வேறு. பீட்டர் ஆங்கிலத்தில் வழங்குகிறது, பிறந்தது கிரேக்கத்தில் பெத்ரோஸ் என்று, அதுவும் ‘பாறை’ என்ற பொருள்கொண்ட கேபா என்ற அரமேயப் பெயரை மொழிபெயர்த்ததால் வந்தது. (‘சிறியவர்’ என்ற பொருளுள்ள பவுலுஸ் நம் கத்தோலிக்கர் வாயில் சின்னப்பர் ஆனதும் இதே வழியில்தான். பெயர்கள் ஒலியால் மட்டும் எல்லை தாண்டுவதில்லை.) பிரெஞ்சு பியேர், இத்தாலிய பியெத்ரோ, ரஷ்ய பியோத்தர் என்று கிளை பிரிந்த வடிவங்களை ஒரு குடும்ப மரமாகவே பார்க்கலாம். ஒரு பெயர் எந்த வழியாக எந்த மொழிக்குப் போனது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இலவசத் தளங்கள் அரிது.

ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு மூன்று பெயர்கள் ஒளிந்திருக்கும்போது தளம் அவற்றுக்கு எண் கொடுத்துத் தனித்தனிப் பதிவாகப் பிரிக்கிறது. இது மிக முக்கியம். தாரா சமஸ்கிருதத்தில் விண்மீன், ஆங்கிலப் பெண்பெயரான தாராவோ அயர்லாந்தின் தாரா குன்றிலிருந்து வந்தது. மீரா இந்தியாவில் ஒரு பக்திக் கவியின் பெயர், ஸ்லாவிய மொழிகளில் மீர் என்றால் அமைதி. ராய் என்ற வங்காளக் குடும்பப்பெயருக்கு வேர் ‘ராஜா’, ஸ்காட்லாந்தின் ராய்க்கு வேர் ‘சிவப்பு’ என்ற கேலிக் சொல். லீ என்றால் ஆங்கிலத்தில் காட்டு நடுவிலுள்ள வெளி, சீனத்தில் பிளம் மரம். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால் வேறொருவர் பெயரின் வரலாற்றைத்தான் படித்திருப்போம்.

பழைய ஜெர்மானியப் பெயர்களைப் படிக்கும்போது தளமே தரும் எச்சரிக்கைக்குறிப்பு இன்னும் வலுவாக இருந்திருக்கலாம். ராபர்ட்டில் ‘புகழ்’, ‘ஒளி’ என்று இரண்டு உறுப்புகள். உடனே ‘புகழால் ஒளிர்பவன்’ என்று சேர்த்துவிடத் தோன்றும். அன்றைய பெற்றோர் அப்படி யோசித்துப் பெயர் வைத்ததாகக் கொள்ள முடியாது. 11-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஆயர் வுல்ஃப்ஸ்டனின் தந்தை ஏதல்ஸ்டன், தாய் வுல்ஃப்கிஃபு. தாயின் முன்பாதியும் தந்தையின் பின்பாதியும் சேர்ந்து மகன் பெயர் ஆனது. அதை ‘ஓநாய்க்கல்’ என்று பெயர்த்துப் பொருள் தேடினால் ஒன்றும் தேறாது. உறுப்புகளுக்கெனத் தளத்தில் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு உறுப்பும் வேறு எந்தப் பெயர்களில் வருகிறது என்று பார்த்தாலே இந்தச் சேர்க்கை முறை பிடிபடும்.

இதே தளத்தின் குடும்பப்பெயர்ப் பகுதி இவ்வளவு செறிவானதாக இல்லை. தந்தை பெயர், தொழில், ஊர், பட்டப்பெயர் என்ற நான்கு வழிகளில் ஐரோப்பியக் குடும்பப்பெயர்கள் பிறந்ததைப் புரிந்துகொள்ள இது உதவும். ஸ்மித், ஜெர்மன் ஷ்மிட், ஹங்கேரிய கோவாச், ரஷ்ய குஸ்னெத்சோவ், அரபு ஹத்தாத் எல்லாமே கொல்லர்தான் என்று பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் இன்றைய ஆங்கிலச் சொல்லை வைத்து ஊகித்தால் வழுக்கிவிடும். வாக்கர் நடந்து திரிந்தவர் இல்லை. நெய்த ஈரத்துணியை மிதித்துக் கெட்டியாக்குவது அவர் தொழில். ஃபார்மர் பெரும்பாலும் வரிவசூல் குத்தகை எடுத்தவர், உழவராக இருந்திருக்க வேண்டியதில்லை. பால்மர் புனித நாட்டுக்குப் போய்க் குருத்தோலையோடு திரும்பிய யாத்திரிகர். கவர்ட் மாடு மேய்த்தவர், கோழைத்தனத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

இங்கே குறையாகத் தெரிவது பழம் பதிவுகள் போதாமை. ஒரு குடும்பப்பெயரின் மூலத்தை நிறுவ வேண்டுமானால் அது எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த எழுத்துக்கூட்டலில் முதலில் எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 2016-இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட பிரித்தானிய, அயர்லாந்துக் குடும்பப்பெயர் அகராதி அப்படித்தான் செய்கிறது. பிஹைண்ட் த நேமில் பல பதிவுகள் இரண்டே வரியில் முடிந்துவிடுகின்றன. நியூட்டன் என்றால் ‘புதிய ஊர்’ என்பது சரி, ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஏராளமான ஊர்கள். எந்த நியூட்டன் எந்த ஊர்க்காரர் என்பதை வேர்ச்சொல் சொல்லாது. அதனால் ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர் உறவினர் என்ற முடிவுக்கும் வர முடியாது.

எத்தனை தலைமுறை பின்னால் தேடலாம் என்பதை நாட்டின் சட்டம் தீர்மானிக்கிறது. ஜப்பானில் பொதுமக்கள் அனைவருக்கும் குடும்பப்பெயர் கட்டாயமானது 1875-இல், தாய்லாந்தில் சட்டம் வந்தது 1913-இல், துருக்கியில் 1934-இல். நெதர்லாந்தில் நெப்போலியன் ஆட்சியின்போது 1811-இல் எல்லோரும் பெயர் பதிய வேண்டியதாயிற்று. ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்ற விகுதி சேரும், தலைமுறைக்கொரு முறை மாறும். பெயர் பதிவோடு இந்த ஆண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் தேடுவோருக்கு நாள்கணக்கில் வேலை மிச்சமாகும்.

ஒரு பெயர் எந்த ஆண்டில் எவ்வளவு வைக்கப்பட்டது என்று காட்டும் புழக்க வரைபடங்கள் அழகாக இருக்கின்றன, கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தரவு சமூகப் பாதுகாப்பு அட்டை விண்ணப்பங்களிலிருந்து வருவது. 1880 முதல் எண்கள் இருந்தாலும் 1937-க்கு முன் பிறந்தவர்களில் பலர் அட்டைக்கு விண்ணப்பிக்கவே இல்லை, எனவே வரைபடத்தின் இடதுபக்கம் முழுமையற்றது. ஓர் ஆண்டில் ஐந்துக்கும் குறைவானோருக்கு வைக்கப்பட்ட பெயர் அரசு பட்டியலிலேயே இடம்பெறாது. எழுத்துக்கூட்டல் மாறினால் தனிப்பெயர் என்பதும் அங்கே விதி. ‘பிஎச்’ (ph), ‘எஃப்’ (f) என்ற எழுத்து வேறுபாட்டால் சோஃபியா இரண்டு வரிசைகளாகப் பிரிந்து கிடப்பதால், ஒரு பெயர் அரிது என்று முடிவெடுக்கும் முன் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பயனர்கள் அனுப்பிய பெயர்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பக்கத்தின் மேலே அந்த அடையாளம் இருந்தால் அங்குள்ள பொருளை ஒரு தகவலாக மட்டும் வைத்துக்கொண்டு வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டும். பெயர் நவீனமா, பழமையா என்று பயனர்கள் போடும் மதிப்பெண்ணால் பயனில்லை, கடந்து போகலாம். குடும்பப்பெயரைத் தட்டினால் ‘உங்கள் குலச்சின்னம்’ என்று கேடயம் அச்சிட்டு விற்கும் வேறு தளங்களும் கண்ணில் படும். வாங்கவே வேண்டாம். இங்கிலாந்தில் அச்சின்னங்களை வழங்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ், குடும்பப்பெயருக்கென்று சின்னம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சின்னம் ஒருவருக்கும் அவர் நேர் வழித்தோன்றல்களுக்கும் உரியது.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தளம் போதாது. முருகன் போன்ற சில பதிவுகள் கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் எண்ணிக்கை குறைவு, ரோமன் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேட வேண்டியிருக்கும். இதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியே கைகொடுக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். பெயரை முழுதாகத் தட்டாமல் உறுப்புகளாகப் பிரிக்க வேண்டும்: கயல்விழி என்றால் கயல் தனியே, விழி தனியே. பேரகராதியில் சொல் அகப்பட்டதும் வடசொல் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், அதே தொகுப்பிலுள்ள பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிட வேர்ச்சொல் அகராதியில் அதே சொல்லைத் தேடினால் கன்னடம், மலையாளம், தெலுங்கில் அதற்கு உறவுச்சொற்கள் இருக்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும்.