வீட்டுலயே எடுக்குற ஜீன் + குடல் பாக்டீரியா டெஸ்ட் கிட், எடை குறைக்க நினைக்கிறவங்க வாங்கலாமா?

என் தங்கச்சிக்காக வாங்கினது இது. சின்ன வயசுலேர்ந்தே அவ குண்டு, அப்பா பக்கம் அத்தைங்க எல்லாரும் அப்படித்தான், ஆனா எந்த விசேஷத்துக்கு போனாலும் "வாயை கட்டுமா"ன்னு யாராவது சொல்லாம விடமாட்டாங்க. அவ தட்டுல நம்மள விட கம்மியாத்தான் இருக்கும். அதான் காரணம் என்னன்னு பார்ப்போம்னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டோம். கம்பெனி பேர் வேணாம்.

பாக்ஸ்ல எச்சிலுக்கு ஒரு ட்யூப், மலம் எடுக்க ஒரு ட்யூப், கூரியர் கவர். எப்படி எடுக்கணும்னு படம் போட்டு தெளிவா குடுத்திருக்காங்க, அந்த விஷயத்துல குறையே இல்ல.

ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே எஃப்டிஓ ஜீன், சிவப்பு கலர்ல "ஹை ரிஸ்க்". அதை பாத்ததும் அவ முகமே வாடிப்போச்சு, எனக்கு கோவம் வந்தது அங்கதான். இந்த ஜீனுக்கும் எடைக்கும் தொடர்பு இருக்குன்னு 2007லயே கண்டுபிடிச்சுட்டாங்க, அது உண்மைதான், ஆனா அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு வர்ற ரெண்டு காப்பியும் ரிஸ்க் வகையா இருக்கிறவங்க ஒண்ணு கூட இல்லாதவங்கள விட சராசரியா 3 கிலோ கூட இருந்தாங்க, அவ்ளோதான். அந்த 3 கிலோங்கிற நம்பர் ரிப்போர்ட்ல எங்கயுமே இல்ல. 2011ல ரெண்டு லட்சம் பேருக்கு மேல இருந்த டேட்டாவ சேர்த்து பாத்தப்போ, உடம்புக்கு வேலை குடுக்குறவங்ககிட்ட இந்த ஜீனோட பாதிப்பு 27 சதவீதம் கம்மியா இருந்துச்சு. முதல் பக்கத்துல போட வேண்டியது அதைத்தானே? எடைக்கு பரம்பரை பெரிய காரணம், ஒரே மாதிரி இரட்டையர தனித்தனி வீட்ல வளர்த்தாலும் எடை கிட்டத்தட்ட ஒத்துப்போகுதுன்னு 1990லயே பாத்துட்டாங்க, ஆனா அது நூத்துக்கணக்கான ஜீன் சேர்ந்து பண்ற வேலை, இந்த கிட் பாக்குறது அதுல சிலதை மட்டும்தான்.

அடுத்து குடல் பாக்டீரியா. "உங்க ஃபர்மிக்யூட்ஸ் அதிகம், பாக்டீராய்டீட்ஸ் கம்மி, அதான் எடை ஏறுது"ன்னு ஒரு வரி (இது ரெண்டும் குடல்ல இருக்கிற பெரிய பாக்டீரியா குடும்பங்க), அதுக்கு கீழயே அவங்க ப்ரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) கேப்ஸ்யூலுக்கு மாச சந்தா. இதுக்கு பின்னாடி இருக்கிற ஆராய்ச்சி நிஜமாவே சுவாரசியமானது. அமெரிக்காவுல ஜெஃப்ரி கார்டன்ங்கிற ஆராய்ச்சியாளரோட டீம், குண்டு எலியோட குடல் பாக்டீரியாவ கிருமியே இல்லாம வளர்த்த எலிக்கு மாத்தினப்போ அதுக்கு கொழுப்பு அதிகமா ஏறுச்சு, 2013ல மனுஷ இரட்டையர்ல குண்டா இருந்தவங்க பாக்டீரியாவ எலிக்கு குடுத்தும் அதே மாதிரிதான் ஆச்சு. ஆனா அதெல்லாம் எலி. மனுஷங்களுக்கு ஒல்லியானவங்க மல பாக்டீரியாவ கேப்ஸ்யூலா குடுத்து பாத்த சோதனைகள்ல எடை குறையல. ரிப்போர்ட் சொல்ற அந்த ரெண்டு பாக்டீரியாவோட விகிதமும் ஒவ்வொரு ஆய்வுலயும் ஒவ்வொரு மாதிரி வருது, அதை வச்சு ஒருத்தர் ஏன் குண்டா இருக்காருன்னு சொல்லவே முடியாது. சந்தாவ எடுக்காதீங்க, தயவு செஞ்சு.

கேப்ஸ்யூல் டப்பாவுல "கொழுப்பு செல்களை அழிக்கும்"னு வேற போட்டிருக்கு. இது அப்பட்டமான பொய். ஸ்வீடன்ல 2008ல, பழைய அணுகுண்டு சோதனையால காத்துல கலந்த கார்பன் 14ங்கிற கதிரியக்க கார்பன் கொழுப்பு செல்லோட டி.என்.ஏ-ல எவ்ளோ இருக்குன்னு வச்சு அதோட வயச கணக்கு போட்டாங்க. வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் செத்து அதே அளவு புதுசா வருது, எண்ணிக்கை பெரும்பாலும் சின்ன வயசுலயே முடிவாயிடுது, வயித்துல ஆபரேஷன் பண்ணி எடை நல்லா குறைஞ்சவங்களுக்கு கூட செல்லோட சைஸ்தான் சுருங்குச்சு, எண்ணிக்கை குறையல. சுருங்கின செல்லுலேர்ந்து லெப்டின்ங்கிற பசிய அடக்குற ஹார்மோன் கம்மியா வரும், மூளை அதை பட்டினின்னு எடுத்துக்கிட்டு பசிய கூட்டும், குறைச்ச எடை திரும்ப ஏறுறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். தங்கச்சி மாதிரி ஆளுங்களுக்கு தெரிய வேண்டியது இதுதான், ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இல்ல.

கிட்டோட சேர்த்து குடுத்த டயட்டீஷியன் ஃபோன் கால் மட்டும் நல்லா இருந்துச்சு, அந்தம்மா பொறுமையா பேசினாங்க, எடைய விட இடுப்பு சுத்தளவயும் சுகரையும் கவனிங்கன்னு சொன்னாங்க. நம்மூர்ல பி.எம்.ஐ (உயரத்தோட ஒப்பிட்டு எடைய பாக்குற கணக்கு) ரொம்ப ஏறாதப்பவே சுகர் வந்துடுறதால அது சரியான அட்வைஸ்.

5க்கு 2 ஸ்டார், அதுவும் அந்த ஃபோன் காலுக்காக. குழந்தை ரொம்ப சின்ன வயசுலயே அடங்காத பசியோட வேகமா எடை போட்டா இந்த கிட்டை நம்பாம எண்டோக்ரைன் (ஹார்மோன்) டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, லெப்டின் குறைபாடு மாதிரி அபூர்வமான ஒற்றை ஜீன் கோளாறுக்கு ஊசி மருந்தே இருக்கு. மத்தவங்க அந்த காசுல ஒரு நல்ல டயட்டீஷியன நேர்ல பாருங்க.