சொட்டு நீர் மானியமும் சொசைட்டிக் கடனும்: ஏழு வருடக் கணக்கு

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. நூறு என்றதும் கைக்காசே போகாது என்று நினைத்துவிட வேண்டாம். அரசு நிர்ணயித்த தொகைக்குத்தான் நூறு. கிணறு தூரமாக இருந்து மெயின் பைப் கூடுதலாக இழுத்தால் அந்தப் பில் நம்முடையது.

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், சிறு குறு விவசாயி சான்று இவையெல்லாம் கைவசம் இருந்தால் பதிவில் பெரிய சிக்கல் இல்லை. இழுத்தடிப்பது கூட்டுப் பட்டாவும், அப்பா பெயரிலேயே கிடக்கும் பட்டாவும்தான்.

ஒருமுறை வாங்கினால் அதே நிலத்துக்கு ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடி மானியம். அதனால் குழாய் போடும் கம்பெனிக்காரர் வரைபடத்தோடு வரும்முன் போர்வெல் தண்ணீரை அளந்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000 லிட்டர். ஏக்கருக்கு 4 அடி இடைவெளியில் டியூப் போட்டால் சுமார் 3,300 மீட்டர் ஓடும். 60 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் (டியூபில் தண்ணீர் சொட்டும் இடம்) என்றால் ஐயாயிரத்து ஐநூறு. மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் எடுத்தால் மணிக்கு 22,000 லிட்டர் கேட்கும். இந்தப் போருக்கு அது ஆகாது: வயலைப் பிரித்து இரண்டு வால்வு வைத்து மாற்றி மாற்றிப் பாய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் 2 லிட்டர் சொட்டுவான். இந்தக் கணக்கைப் போடாத வயலில் கடைக்கோடிச் செடி வருடம் முழுக்கக் காயும்.

வேலை முடிந்ததும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வரியிலும் கடைசி வரியிலும் சொட்டுவானுக்கு அடியில் குழி பறித்து டப்பா வையுங்கள். 4 லிட்டர் சொட்டுவான் 15 நிமிடத்தில் 1 லிட்டர் தர வேண்டும். இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஏழு வருடம் ஓட்டுவது ஃபில்டர் கையில்தான் இருக்கிறது. மணல் தள்ளும் போருக்கு வெறும் வலை ஃபில்டர் போதாது, முன்னால் மணல் பிரிப்பான் வேண்டும். ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் (சதுர செ.மீ.க்கு) அரைக் கிலோவைத் தொடும்முன் கழுவிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் சொட்டுவானில் வெள்ளைப் படிவு ஏறும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம்: கடைசிச் சொட்டுவானில் பி.எச். 4 வரும்வரை செலுத்தி, 24 மணி நேரம் விட்டு, டியூப் முனையிலுள்ள மூடியை (எண்ட் கேப்) திறந்து அலசுங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. அமிலத்தோடு பிளீச்சிங் பவுடர் சேரவே கூடாது, விஷவாயு கிளம்பும். எலி, அணில் கடிக்கு ஜாயின்டர் பத்து இருபது கையிருப்பு வைப்பதைத் தவிர வழியில்லை.

இனி கடன். கூட்டுறவுச் சங்கத்தில் (சொசைட்டி) பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஒரு நாள் தவறினாலும் சலுகை போச்சு. வங்கியின் கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 4. சொசைட்டியில் ஒரு பங்கு ரொக்கம், ஒரு பங்கு உரமாக வரும். அந்த டி.ஏ.பி. மூட்டையைக் கரைத்து வென்சுரியில் (உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் கருவி) விட்டுப் பலர் டியூபை அடைத்துக்கொள்கிறார்கள். அதை அடியுரமாக மண்ணில் போடுங்கள். சொட்டு நீருக்குக் கரையும் உரம் தனியாக, ரொக்கப் பங்கில் வாங்குவதுதான் கட்டுபடியாகும்.