வார்த்தையா, வாக்கா? அம்மாவின் கல்லறைக் கல்லுக்காக ஓர் ஒப்பீடு

மயிலாடியில் கல் செதுக்குபவர் ஒரு தாளை நீட்டினார். "எழுதித் தாருங்கள், பிசகாமல் வெட்டிவிடுகிறேன். வெட்டிய பிறகு திருத்த முடியாது" என்றார். அம்மாவின் பெயரை எழுதினேன். பிறந்த நாள், இறந்த நாள் எழுதினேன். அதன் கீழே, கடவுளின் சொல் மனிதராக வந்ததைச் சொல்லும் யோவான் 1:14 என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. எந்த வேதாகமத்தில் உள்ளபடி எழுதுவது?

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு இருக்கின்றன. நான் நாகர்கோவில் பக்கம் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். என்னுடையது 1871-இல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. மனைவி கொளச்சல் கடற்கரையின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடையது 1995-இல் வந்த திருவிவிலியம். என் புத்தகத்தில் யோவான் இப்படித் தொடங்குகிறார்: "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது." அவர் புத்தகத்தில்: "தொடக்கத்தில் வாக்கு இருந்தது; அவ்வாக்கு கடவுளோடு இருந்தது; அவ்வாக்கு கடவுளாயும் இருந்தது." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். பத்து நாள் இருவரும் இதையே பேசினோம். முடிவில் கல்லில் ஏறியது 'வார்த்தை'. அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன், ஆனால் 'வாக்கு' எளிதில் தோற்கவில்லை.

சட்டென்று முடிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எது தூய தமிழ் என்ற கேள்வி இங்கே உதவாது, ஏனென்றால் இரண்டுமே வடமொழி வழி வந்தவை. கூலி எழுத்துக் கணக்கு, அதில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'சொல்' என்று வைத்தால் என்ன என்று என் மகள் கேட்டாள். அழகான சொல்தான், ஆனால் அம்மா வாழ்நாளில் ஒருமுறைகூட யோவானை அப்படி வாசித்ததில்லை. மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை வரை மலையாளத்தில் வழிபடுகிற உறவினர்களும் எங்களுக்கு உண்டு. அவர்களுடைய வேதாகமத்தில் அது 'வசனம்'. தமிழில் வசனம் என்றால் அதிகாரத்துக்குள் எண்ணிட்ட ஒரு வரி, அல்லது நாடகத்தில் பேசுவது. ஆகவே அதையும் விட்டுவிட்டோம்.

மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் லோகோஸ். பேச்சு, கணக்கு, காரணம், அறிவின் ஒழுங்கு என்று பல பொருள்களை அது ஒன்றாகச் சுமக்கும். யோவான் நற்செய்தி எபேசுவில் எழுதப்பட்டது என்பது பழைய மரபு. அதே எபேசுவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் உலகின் ஒழுங்கை லோகோஸ் என்றார். ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினர் அதை எங்கும் ஊடுருவி நிற்கும் அறிவு என்றார்கள். அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர் ஃபிலோ அதைக் கடவுளுக்கும் படைப்புக்கும் இடையில் நிறுத்தினார். இந்த 'அறிவு' என்ற பக்கம் வார்த்தையிலும் இல்லை, வாக்கிலும் இல்லை. அந்த வகையில் இரண்டுமே குறையுள்ளவை.

ஆனால் யோவான் யூதர். "ஆதியிலே" என்று தொடங்கும்போது அவர் மனத்தில் ஆதியாகமத்தின் முதல் பக்கம் திறந்திருக்கிறது. அங்கே கடவுள் கையால் எதையும் செய்யவில்லை. வெளிச்சம் உண்டாகக்கடவது என்றார், உண்டாயிற்று. எபிரெயத்தில் சொல்லுக்குத் தாபார் என்று பெயர். சொன்ன சொல்லும் தாபார், நடந்த காரியமும் தாபார். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் இடைவெளி விடாத மொழி அது.

இந்த இடத்தில் வாக்குக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. தமிழில் வாக்கு 'பலிக்கும்'. வாக்குக் கொடுத்தவன் அதைக் காப்பாற்ற வேண்டும். ஏசாயா 55-இல் கடவுளின் சொல் மழையைப்போல இறங்கி, தான் வந்த வேலையை முடிக்காமல் வெறுமையாகத் திரும்பாது என்று வருகிறது. என் பழைய புத்தகம் பனியை அங்கே "உறைந்த மழை" என்கிறது. பனியையே காணாத நமக்காக அப்படி எழுதியவர்மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் வந்து நனைக்கிற மாவட்டத்தில் அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை. அந்தப் பலிக்கும் தன்மையை 'வாக்கு' தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எங்கள் சபையிலும் ஆண்டின் முதல் ஆராதனையில் எடுத்துப் படிப்பது 'வாக்குத்தத்தம்' அல்லவா?

மனைவி இதையே வேறு விதமாகச் சொன்னார். "வார்த்தையை யாரும் விடலாம். வாக்கு என்றால் சொன்னவர் அதற்குக் கட்டுப்பட்டவர். எங்கள் ஊரில் 2017-இல் ஒக்கிப் புயலுக்கு முன்னால் கடலுக்குப் போனவர்கள், கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மனிதருடைய வாக்கைக் கடல் வாங்கிக்கொண்டது. கடல் வாங்க முடியாத வாக்கு ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் அந்தப் பெண்கள் இன்றும் திருப்பலிக்கு வருகிறார்கள்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறந்ததிலிருந்து 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காதில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்பதை அவர் சொல்லித்தான் நான் அறிவேன்.

இலக்கணத்திலும் வாக்கின் பக்கம் ஒரு நன்மை உண்டு. கிரேக்கத்தில் லோகோஸ் ஆண்பால் பெயர், அதனால் 'அவர்' என்று தொடர்வதில் தடையில்லை. தமிழில் வார்த்தையும் வாக்கும் அஃறிணை. என் புத்தகம் முதல் வசனத்தில் 'இருந்தது' என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வசனத்தில் "அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்" என்று ஒரே எட்டில் தாண்டுகிறது. திருவிவிலியமோ "வாக்கு என்னும் அவரே" என்று ஒரு பாலம் போட்டு நம்மைக் கடத்திவிடுகிறது. ஓய்வுநாள் பள்ளியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தேவனிடத்திலிருந்தது" என்பதைப் பிள்ளைகள் 'தேவனிடத்திலிருந்து வந்தது' என்றே கேட்கிறார்கள். "கடவுளோடு இருந்தது" என்பதில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் ஏன் வார்த்தையின் பக்கம் நின்றேன்?

அந்த "தேவனிடத்தில்" என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ளது 'ப்ரோஸ்' என்ற சிறு சொல். பக்கத்தில் இருப்பதை மட்டும் அது குறிப்பதில்லை, ஒருவரை நோக்கி இருப்பதையும் குறிக்கும். எதுவும் படைக்கப்படுவதற்கு முன்பே, கேட்க உலகம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே, அந்தச் சொல் ஒருவருடைய முகத்தை நோக்கி இருந்தது. இதை நான் சாதாரணமாகக் கடந்து போகவில்லை. ஏனென்றால் தமிழில் வாக்குக்கும் வார்த்தைக்கும் உள்ள வேறுபாடே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வாக்கு மேலிருந்து கீழே வருகிறது. எங்கள் ஊர்க் கொடை விழாக்களில் அருள் வந்தவர் வாக்குச் சொல்லும்போது கேட்பவர்கள் கைகட்டி நிற்பார்கள். எதிர்ப்பேச்சு கிடையாது. பெரியவர் வாக்கு, அருள்வாக்கு, இறைவாக்கு எல்லாவற்றுக்கும் திசை ஒன்றுதான். அந்த மரியாதை கடவுளுக்கு உரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வார்த்தை அப்படியல்ல. வார்த்தை இருவருக்கு நடுவில் போய்வருவது. 'அவனோடு ஒரு வார்த்தை பேசிப் பார்' என்கிறோம். 'ஒரு வாக்கு பேசு' என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் துக்கம் நடந்து, நெருங்கிய உறவினர் ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை என்றால் மனம் நொந்து என்ன சொல்கிறோம்? 'வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லையே' என்கிறோம். அங்கே குறை, அவர் பேசாமல் போனதில் மட்டும் இல்லை, வராமல் போனதிலும் இருக்கிறது. வருவதும் கேட்பதும் பக்கத்தில் உட்கார்வதும் சேர்ந்துதான் தமிழில் ஒரு வார்த்தை.

லத்தீனிலும் இதே வழக்கு ஒருமுறை நடந்திருக்கிறது. லோகோஸ் என்பதைத் திருச்சபை நெடுங்காலம் 'வெர்பும்', அதாவது தனிச்சொல், என்று வாசித்துவந்தது. வேதாகம அறிஞர் எராஸ்மஸ் தமது 1519-ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாட்டுப் பதிப்பில் அதை 'செர்மோ' என்று மாற்றினார். செர்மோ என்றால் பேச்சு, உரையாடல். தெர்த்துல்லியன் போன்ற தொடக்கக்காலத் திருச்சபை ஆசிரியர்கள் கையாண்ட சொல்தான் அது. இருந்தும் எராஸ்மஸ் கடுமையான எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் எதைக் காப்பாற்ற நினைத்தாரோ அதை 'வார்த்தை' நமக்கு எந்தச் சண்டையும் இல்லாமல் தருகிறது என்று எண்ணுகிறேன்.

இதை நான் மனைவியிடம் சொன்னபோது அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திருப்பலியில் நற்கருணை வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் சொல்வது: "ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும்." நூற்றுவர் தலைவன் என்ற ரோமப் படை அதிகாரி, நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியற்றவன் என்று சொல்லி இயேசுவிடம் கேட்டது அது. முதல் வசனத்தில் வாக்கு என்று படிப்பவர்களும், ஆண்டவர் தம் வீட்டுக்குள் நுழையும் அந்த நொடியில் வார்த்தையைத்தான் கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில் அம்மாவின் கடைசி ஏழு மாதங்கள் இருக்கின்றன. பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் ஒருசேர எடுத்துக்கொண்டது. தண்ணீர் கேட்கவும் சைகைதான். ஆனால் நான் கட்டிலருகே உட்கார்ந்து "ஆதியிலே..." என்று தொடங்கினால், "வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது" என்று வசனம் முடியும்வரை அம்மா தானே சொல்லிவிடுவார். சிறு வயதில் மனப்பாடம் செய்தவை சில நேரம் அப்படித் தப்பி நிற்கும் என்று மருத்துவர் விளக்கினார். வசனம் முடிந்ததும் மறுபடி மௌனம். ஊரார் தினமும் வந்தார்கள். "ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு நுழைவார்கள். அம்மாவால் பதில் சொல்ல முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சே நடக்காத அந்த அறையில் நாள்தோறும் வார்த்தை வந்து போய்க்கொண்டிருந்தது. யோவான் 1:14 எனக்குப் பிடிபட்டது அப்போதுதான்.

அந்த வசனத்தின் மற்றச் சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்லில் அவையும் ஏறுகின்றன. "வாக்கு மனிதர் ஆனார்" என்கிறது திருவிவிலியம். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்கிறது என்னுடையது. யோவான் எழுதியது 'சார்க்ஸ்', அதாவது சதை. மனிதர் என்று மென்மையாகச் சொல்ல அவருக்குச் சொல் கிடைக்காமல் இல்லை. நோகிற, வாடுகிற, படுக்கைப்புண் வருகிற சதையையே அவர் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகிய கைகளுக்கு 'மாம்சம்' என்ற சொல்லை விட்டுவிட மனமில்லை.

ஆனால் அடுத்த சொல்லில் நான் முழுதாகத் தோற்றேன். "வாசம்பண்ணினார்" என்பதைவிட "குடிகொண்டார்" எவ்வளவு நல்ல தமிழ்! கிரேக்கத்தில் 'கூடாரம் போட்டுத் தங்கினார்' என்று பொருள்படும் வினை அது. பாலைவனத்தில் பாளையம் இறங்கிய இஸ்ரவேல் மக்கள் நடுவே தானும் ஒரு கூடாரமாக நின்ற கடவுளை 'குடிகொண்டார்' நினைவுபடுத்துகிறது. "நமக்குள்ளே" என்பதைவிட "நம்மிடையே" என்பதும் தெளிவானது. இரண்டு மொழிபெயர்ப்புகளையும் கலந்து எழுதிவிடலாமா என்றுகூட ஒரு இரவு யோசித்தேன். வேதவசனத்தை நாமே தைத்து ஒட்டுவது சரியல்ல என்று மனைவிதான் நிறுத்தினார்.

பதினோராம் நாள் மயிலாடிக்குப் போய்த் தாளைக் கொடுத்தேன். 1809-இல் ரிங்கல்தௌபே ஐயர் என்ற மிஷனரி ஆலயம் கட்டிய ஊர் அது. உளிச் சத்தம் கேட்காத தெரு இல்லை. செதுக்குபவர் தாளை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டார். "அந்த வார்த்தை மாம்சமாகி, நமக்குள்ளே..." நடுவில் கிருபையும் சத்தியமும் வரும் பகுதியை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். இடம் போதுமென்றால் சேருங்கள் என்றேன். சேர்த்தார், அதற்குக் கூலியும் கேட்கவில்லை.

கல் நட்ட மறுவாரம் கொளச்சலிலிருந்து மாமியார் வந்தார். அத்தைக்கு இப்போது பார்வை மங்கல். கல்லறைத் தோட்டத்தில் குனிந்து, எழுத்துக் குழிகளில் விரலை ஓட்டி, "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, தன் நினைவிலிருந்தே முடித்தார்: "நம்மிடையே குடிகொண்டார்." நாங்கள் யாரும் அவரைத் திருத்தவில்லை.