வெள்ளவத்தையில் ஓர் உளவளத்துணை நிலையம்

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களையும் 2022 எரிபொருள் வரிசைகளையும் கடந்துவந்த கொழும்புவாசிகளுக்கு, கைப்பேசியில் செய்தி அறிவித்தல் ஒலித்தாலே நெஞ்சு படபடப்பது புதிதன்று. அதற்காகவே காலி வீதிக்கு அருகிலுள்ள இச்சிறிய நிலையத்தை நாடினேன். ஆலோசகர் எந்தக் கட்சியைப் பற்றியும் வாய்திறக்காமல், என் கையாலேயே அறிவித்தல்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் செய்து, காலை நாளிதழும் இரவுச் செய்தியறிக்கையும் போதும் என்றார். உறங்குமுன் வாட்ஸ்அப் குழுக்களைத் திறக்கக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். தமிழிலேயே மனம்விட்டுப் பேச முடிந்தது பெரிய ஆறுதல். கட்டணம் சற்று அதிகம். காத்திருப்பறைத் தொலைக்காட்சியில் பாராளுமன்ற அமளி ஓடிக்கொண்டிருந்ததை என்னவென்று சொல்வது! செலவு செய்ய இயலாதோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.