தாந்தயாப்பா பள்ளத்தாக்கில் ஒரு ரீங்காரச்சிட்டுத் தோட்டம்

எக்வடோரின் தலைநகர் கீட்டோவுக்கு வடமேற்கே, ஆண்டீஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் உள்ள தாந்தயாப்பா பள்ளத்தாக்கின் மேகக் காடுகளில், ரீங்காரச்சிட்டுகளுக்குச் சர்க்கரைநீர்க் குடுவைகளைத் தொங்கவிட்டுப் பார்வையாளர்களை அனுமதிக்கும் விடுதித் தோட்டங்கள் பல உள்ளன. அவற்றுள் நான் சென்ற தோட்டத்தைப் பூட்டட் ரேக்கெட்டெயில், வயலட்-டெயில்டு சில்ஃப் ஆகிய இரண்டு இனங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குடுவை வரிசையில் மனத்தைக் கவர்வது ரேக்கெட்டெயில்தான். சுமார் 3 கிராம் எடையே உள்ள இப்பறவையின் கால்களைப் பஞ்சுருண்டை போன்ற வெண்ணிற இறகுகள் மூடியிருக்கின்றன. ஆணின் வாலிலிருந்து நீளும் இரண்டு மெல்லிய இறகுத்தண்டுகளின் முனையில் கருநீலத் தகடுகள் உள்ளன. அது குடுவையின் முன் அந்தரத்தில் நின்று குடிக்கும்போது அத்தகடுகள் உடலுக்குப் பின்னால் தனித்து ஆடுவதை ஓரடித் தொலைவிலிருந்து காண முடிந்தது. அதன் பறத்தல் பிற ரீங்காரச்சிட்டுகளைவிட நிதானமானது. ஒலியும் வண்டின் ரீங்காரத்தை ஒத்தது. தெற்கே பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள இதன் நெருங்கிய உறவுப் பறவைகளுக்குக் காலிறகுகள் செம்மஞ்சளாக இருப்பதால், அவற்றைத் தனி இனங்களாகப் பிரிப்போரும் உண்டு.

சில்ஃப் பறவையோ கொலம்பியா, எக்வடோர் நாடுகளின் மேற்குச் சரிவுகளில் மட்டுமே வாழ்வது. ஆணின் மொத்த நீளத்தில் பாதிக்கும் மேல் வாலே. ஊதாவாகத் தொடங்கி நுனியில் நீலமாக முடியும் அந்த வாலின் நிறம், இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் தோன்றுவது. ஆகவே பறவை சற்றுத் திரும்பினாலும், மேகம் இறங்கினாலும் அது கறுத்துவிடுகிறது. குடுவையருகே காத்திருப்பவருக்கு இதன் முழு அழகு கிடைப்பதில்லை; பூச்செடிகளின் பக்கம் அமர்ந்தால் மட்டுமே கிடைக்கும். தோட்டத்தின் ஓரத்தில் உள்நாட்டுப் பூச்செடிகளை அடர்த்தியாக வளர்த்திருப்பதே, என் பார்வையில், இவ்விடத்தின் தலையாய சிறப்பு.

குறை என்று சொன்னால், குடுவைகளை இருக்கைகளுக்கு முன்னால் நெருக்கமாகத் தொங்கவிட்டிருப்பதுதான். பஃப்-டெயில்டு கொரோனெட் எனும் முரட்டுப் பறவை ஒன்று வந்து அமர்ந்தாலே வரிசை முழுவதையும் தன்வசமாக்கிக்கொள்கிறது. சிறிய ரேக்கெட்டெயில் மீண்டும் மீண்டும் விரட்டப்படுகிறது. குடுவைகளை இலைத்தடுப்புகளுக்கு இடையே தள்ளித் தள்ளி மாட்டினால் இது பெருமளவு குறையும். வழிகாட்டி ஆண் பறவைகளை மட்டுமே சுட்டிக்காட்டியதும் எனக்கு வருத்தமளித்தது. நீலநிற உச்சந்தலையும் இலவங்கப்பட்டை நிற வயிறும் கொண்ட பெண் சில்ஃப், நீண்ட வால் இல்லாததாலேயே வேறு இனமென்று எண்ணிக் கடந்துபோகத்தக்கது. அதை அடையாளம் காட்டுவதற்குத்தானே வழிகாட்டி தேவைப்படுகிறார்!

பராமரிப்பில் குறை காணவில்லை. சாயம் கலக்காத சர்க்கரைநீரையே ஊற்றுகிறார்கள். குடுவைகளைக் கழுவிய பிறகே மீண்டும் நிரப்புகிறார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடுவதால் காலையிலேயே செல்லுங்கள்; முதலில் பூச்செடிகளின் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள். ரேக்கெட்டெயிலைக் குடுவையருகே எந்நேரமும் பார்த்துக்கொள்ளலாம்.